கோவையின் முதல் ஆயர் ஏன் பதவி விலகினார்? மெல்கியோர் தெ மரியோன் பிரெசிலாக்: ஒரு நிகழ்வு ஆய்வு

கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா கோவில் தேர்த்திருவிழாவுக்கு அக்டோபர் மாதத்தில் கொங்கு நாட்டின் நாலா பக்கமிருந்தும் ஜனம் வந்து சேரும். அந்த ஊரில்தான் 1846 அக்டோபர் 4ஆம் தேதி ஒரு பிரெஞ்சுக் குரு ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். அவருக்கு அப்போது 32 வயது. அன்று அக்டோபர் மாதத்து முதல் ஞாயிறு. அந்தக் காலத்தில் ஜெபமாலை மாதா திருநாள் கொண்டாடப்பட்ட அதே ஞாயிறு. எட்டரை ஆண்டுகள் கழித்து, 1855 மார்ச் 18ஆம் தேதி, அவருடைய பதவி விலகலைத் திருத்தந்தை ஒன்பதாம் பத்திநாதர் ஏற்றுக்கொண்டார். அதிலிருந்து நாலேகால் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் நகரில் அவர் இறந்துபோனார்.

இவ்வளவையும் ஒரு பத்தியில் சொல்லிவிடலாம். ஆனால் நடுவே ஒரு கேள்வி நிற்கிறது. 41 வயதில், வேலை செய்யத் தெம்பு இருக்கும்போதே, தமிழ் கற்றுத் தேர்ந்த ஒரு ஆயர் தன் மக்களை விட்டு ஏன் போனார்? "சாதிப் பிரச்சினை" என்று ஒரு சொல்லில் பதில் சொல்பவர்கள் உண்டு. "மற்ற மிஷனரிகளோடு ஒத்துப்போகவில்லை" என்பவர்களும் உண்டு. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இரண்டும் அவரைச் சின்னவராக்கியும் விடுகின்றன. சட்டம் ஒன்று சொல்ல, களத்தில் வேறொன்று நடக்க, இரண்டுக்கும் நடுவே கண்ணை மூடிக்கொண்டு ஆயராக இருக்க அவர் மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை. நான் கண்டவரையில் காரணம் அதுதான்.

வந்த வழி

பிரெசிலாக் பிறந்தது 1813 டிசம்பர் 2, தென் பிரான்சின் காஸ்தெல்நொதாரி ஊரில். பழைய பிரபுக் குடும்பம். பிரெஞ்சுப் புரட்சியில் நிலபுலன் போய், தகப்பனார் கானால் டு மிடி கால்வாயில் வேலை பார்த்துக் குடும்பத்தை நடத்தினார். மூத்த மகனுக்கு வீட்டிலேயே அவரே பாடம் சொல்லிக்கொடுத்தார். மகன் 1838 டிசம்பர் 22ஆம் தேதி குருவானார். சொந்த ஊரிலேயே தூய மிக்கேல் ஆலயத்தில் துணைப் பங்குக்குரு வேலை கிடைத்தது. பின்னாளில் கோயம்புத்தூர் பெரிய கடைவீதியில் மிக்கேல் சம்மனசின் பெயரில் பேராலயம் எழும்ப அடித்தளமிட்டவரும் இவரே.

ஊர்ப் பங்கில் அவருக்கு மனம் நிற்கவில்லை. வேதபோதகத்துக்குப் போக ஆயரிடம் உத்தரவு கேட்டார். ஆயர் நாள் கடத்தினார். தகப்பனார் கடுமையாக எதிர்த்தார். 1841இல் எப்படியோ பாரிஸ் வேதபோதக சபையில் போய்ச் சேர்ந்தார். அங்கே தியானத்தின்போது அவர் எடுத்துக்கொண்ட தீர்மானங்கள் பதிவாகியிருக்கின்றன. முழு மனதோடு வேதபோதகராக இருப்பது, இறைப்பணி வளர எதையும் விடாமல் செய்வது, போதிக்கக் கிடைக்கும் எந்த வாய்ப்பையும் தவறவிடாதது என்று வரிசையாகச் சொல்லி, கடைசியில் ஒன்றைத் தனியாக எடுத்து, இதற்கே விசேஷமாக ஆசீர் தர வேண்டும் என்று மன்றாடுகிறார். தன் சக்தி, புத்தி எல்லாவற்றையும் சுதேச குருக்களை உருவாக்கச் செலவிடுவது. 27 வயதுப் பிள்ளை, இந்தியாவைக் கண்ணால் பார்க்கும் முன்பே எடுத்த தீர்மானம் இது. அவருடைய மீதி வாழ்க்கை முழுவதையும் இந்த ஒரு வரியை வைத்துப் படித்துவிடலாம்.

1842 ஏப்ரலில் கப்பலேறி ஜூலை 24ஆம் தேதி புதுச்சேரி வந்து இறங்கினார். தமிழ் படிக்கவும் பணியில் பழகவும் சேலம் பக்கம் அனுப்பப்பட்டார்.

1844: நம்பிக்கை பிறந்த ஆண்டு

புதுச்சேரி அப்போஸ்தலிக்க விகாரியாக, அதாவது வேதபோதகப் பகுதியைத் திருத்தந்தையின் பெயரால் நடத்தும் ஆயராக, இருந்த கிளெமென்ட் பொன்னாண்ட் ஆண்டகை 1844 தொடக்கத்தில் ஒரு ஆயர் மன்றம் கூட்டினார். புதுச்சேரி சினோது என்று பேர் பெற்ற இந்தக் கூட்டம், இந்த நாட்டிலேயே குருக்களை வளர்த்தெடுப்பது வேதபோதகத்தின் முதல் வேலை என்று உரக்கச் சொன்னது. உடனே பிரெசிலாக் புதுச்சேரி குருமடத்துக்கு அதிபராக நியமிக்கப்பட்டார். சினோதின் தீர்மானங்களை ரோமாபுரிக்குக் கொண்டுபோனவர் அவருடைய நண்பர் லுக்கே சுவாமி. அங்கே லுக்கே விடாமல் வாதாடியதில், 1845 நவம்பர் 23ஆம் தேதி, வேதபோதக நாடுகளைக் கவனிக்கும் ரோமாபுரி அலுவலகமான விசுவாசப் பரப்புதல் பேராயம் ஓர் அறிவுரை மடலை வெளியிட்டது. லத்தீனில் அதன் பெயர் 'நேமினெம் ப்ரொஃபெக்தோ'. வேதபோதக நாடுகளைப் பிரித்து ஆயர்களை வையுங்கள், குருமடங்களைத் திறவுங்கள், சுதேச குருக்களை வெறும் எடுபிடிகளாக வைத்திராதீர்கள், தகுதி பெற்றவர்களை ஆயர் பதவி வரைக்கும் உயர்த்துங்கள், அரசியலில் தலையிடாதீர்கள் என்பது அதன் சாரம்.

இந்த மடலை இன்று படித்தால் இதெல்லாம் சாதாரணமாகத் தெரியும். அந்த நாளில் அது சாதாரணம் இல்லை. தமிழ்க் குரு ஒருவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் நேற்று கப்பலிறங்கிய ஐரோப்பியக் குருவுக்குப் பின்னால்தான் நடக்க வேண்டும் என்பதே பழக்கமாக இருந்தது. பிரெசிலாக்கை அது உறுத்தியது. குருமடத்தில் பையன்களை அரைப் பிரெஞ்சுக்காரர்களாக மாற்றிவிடக் கூடாது, அவர்கள் தங்கள் ஊர் நடை உடை பாவனையோடேயே குருக்களாக வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பாக இருந்தார். தமிழ்க் குரு தன் ஜனத்துக்கு அந்நியனாகிவிட்டால் அவரை உருவாக்கியதில் என்ன பயன்? அவர் வாதம் இது.

அடுத்த கட்டம் வேகமாக வந்தது. புதுச்சேரியின் பெரும் பரப்பிலிருந்து கோயம்புத்தூர், நீலகிரி, பாலக்காட்டுப் பகுதிகளைப் பிரித்து அவரிடம் கொடுத்தார்கள். வேதபோதக நாட்டு ஆயர்களுக்கு வழக்கமாக இருந்தபடி, புரூசா என்ற பழைய பட்டணத்தின் பெயரில் பெயரளவுக்கு ஆயர் பட்டம். கருமத்தம்பட்டியில் திருப்பொழிவு செய்து வைத்தவர் பொன்னாண்ட் ஆண்டகை. 1850இல் கோயம்புத்தூர் முழு அப்போஸ்தலிக்க விகாரியத்து ஆனது. குருமடத்தை அவர் முதலிலேயே தொடங்கிவிட்டார். எண்ணியதெல்லாம் கைக்கு எட்டிய மாதிரித்தான் இருந்தது.

முடிச்சு எங்கே விழுந்தது

இந்த இடத்தில் இருநூறு ஆண்டு பின்னால் போயே ஆக வேண்டும். இல்லாவிட்டால் 1850களின் கோவை புரியாது.

1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி காவி கட்டி, மரக்கறி உண்டு, சந்நியாசியாக வாழ்ந்தார். கிறிஸ்தவனாவதற்குத் தமிழன் தன் குலவழக்கங்களை விட வேண்டியதில்லை. சிலை வழிபாட்டோடு சம்பந்தப்பட்டதை மட்டும் விட்டால் போதும் என்பது அவர் வழி. இந்த வழி பலரை மதத்துக்குள் கொண்டுவந்தது. சாதியையும் கூடவே கொண்டுவந்தது. மேல்சாதியாருக்குச் சந்நியாசிக் குருக்கள், தாழ்த்தப்பட்டவர்களுக்குப் பண்டாரசாமிகள் என்று குருக்களே இரண்டு வகையாகப் பிரிந்தார்கள்.

1703 நவம்பரில் புதுச்சேரியில் வந்து இறங்கிய திருத்தந்தையின் தூதர் தூர்னோன், மலபார் சடங்குகள் என்று பேர் பெற்ற இந்த வழக்கங்களில் பலவற்றை 1704இல் தடை செய்து ஆணையிட்டார். ஞானஸ்நானத்தில் உமிழ்நீர், உப்பு முதலிய சடங்குகளை விட்டுவிடக் கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. மஞ்சள் பூசிய 108 இழைக் கயிறு கூடாது. பெண் வயதுக்கு வந்ததை ஊரறியக் கொண்டாடக் கூடாது. நெற்றியில் சாம்பல் பூசக் கூடாது. நோயுற்ற பறையர் வீட்டுக்குள் போய் அவஸ்தைப் பூசுதல் கொடுக்கக் குரு மறுக்கக் கூடாது. நாற்பது ஆண்டு வழக்காடலுக்குப் பிறகு, 1744 செப்டம்பர் 12ஆம் தேதி பதினான்காம் ஆசீர்வாதப்பர் 'ஓம்னியும் சொலிசித்துதினும்' என்ற ஆணையோலையால் வழக்கை முடித்தார். தடைகளைக் கடைப்பிடிப்பேன் என்று இங்கே வேலை செய்யும் மிஷனரிகள் சத்தியம் செய்ய வேண்டும் என்றும் விதித்தார். அதே ஓலையில், தாழ்த்தப்பட்டவர்களுக்கென்றே சில குருக்களைத் தனியாக நியமிக்கும் ஏற்பாட்டுக்கு இடமும் கொடுக்கப்பட்டது. இந்தச் சலுகையைப் பலர் கவனிப்பதில்லை. சட்டத்தின் உடம்பிலேயே ஒரு கதவு திறந்திருந்தது.

இனி 1850க்கு வருவோம். கோயம்புத்தூருக்கு வரும் இளம் மிஷனரி முதலில் அந்தச் சத்தியத்தைச் செய்கிறார். பிறகு கிராமத்துக்குப் போகிறார். கல்யாணத்தில் என்ன நடக்கிறது, கோவிலில் யார் எங்கே உட்காருகிறார்கள், உபதேசியார் யார் வீட்டுக்குப் போவார், யார் வீட்டுக்குப் போகமாட்டார் என்பதெல்லாம் அவர் வருவதற்கு முன்பே முடிவாகியிருக்கிறது. கண்டித்தால் ஊரே போர்ச்சுகீசிய ஆட்சியிலிருந்த கோவாவைச் சார்ந்த சாமியார்களிடம் போய்விடும். 1838இல் ரோம் பதுரவாதோவை, அதாவது இந்தியத் திருச்சபைமேல் போர்ச்சுகல் அரசருக்கு இருந்த அதிகாரத்தை, சுருக்கியும் அதை ஏற்காத குருக்கள் பக்கத்திலேயே இருந்தார்கள். ஆகவே ஒருவர் ஒன்றைப் பார்த்தும் பாராமல் விடுவார். அடுத்த பங்கில் இன்னொருவர் அதையே பாவம் என்பார். சத்தியம் எல்லோருக்கும் ஒன்று, பொருள் ஆளுக்கொன்று.

பெரும்பாலோர் இதோடு வாழப் பழகிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. காய்ச்சலிலும் பஞ்சத்திலும் அந்த மக்களோடு கிடந்தவர்கள் அவர்கள். பிரெசிலாக்குக்குப் பழக முடியவில்லை. தடைகள் அளவுக்கு மீறிக் கடுமையானவை, பல வழக்கங்கள் வெறும் குடிமை வழக்கங்கள், இந்தத் தடைகளால் வேதம் பரவுவது தடைப்பட்டது என்று அவர் நினைத்தார். நோபிலியின் பக்கம் சாய்ந்த மனம் அது. ஆனால் சத்தியம் சத்தியம்தானே. ஆயர் என்ற முறையில் மற்றவர்களின் சத்தியத்துக்கும் அவர் பொறுப்பு.

குருமடத்துக்கும் இதுதான் முட்டுக்கட்டை. சுதேச குரு தன் சொந்த வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் எதை அனுமதிப்பார்? ஐரோப்பியர் தெரியாமல் விட்டுவிட்டேன் என்று சொல்லலாம். தமிழ்க் குருவுக்கு ஒவ்வொரு சடங்கின் பொருளும் தாய்ப்பாலோடு தெரியும். மழுப்பலான சட்டத்தின் மேல் சுதேச குருகுலத்தைக் கட்டினால், அதன் பாரம் முழுவதும் அந்தக் குருக்களின் மனச்சாட்சியில்தான் போய் உட்காரும்.

அவர் முன் இருந்த வழிகள்

எல்லோரையும் போலச் சும்மா இருந்துவிடலாம். அல்லது ஆணையோலையை எழுத்துக்கு எழுத்து நடத்திக் காட்டலாம். அப்படிச் செய்தால் விகாரியத்து சிதறியிருக்கும். மூன்றாவது வழி, ரோமாபுரியிடம் தெளிவு கேட்பது. அவர் மூன்றாவதைத் தேர்ந்தார். கடிதம் கடிதமாக எழுதினார். ஒன்று, விஷயத்தைத் திரும்ப ஆராய்ந்து எது கூடும், எது கூடாது என்று சொல்லுங்கள். இல்லையென்றால் எல்லா விகாரியத்துகளிலும் ஒரே மாதிரி நடக்கச் செய்யுங்கள். அவர் கேட்டது இவ்வளவுதான். ரோம் அந்தக் கேள்வியை மறுபடி திறக்க முன்வரவில்லை. திறந்தால் அரை நூற்றாண்டுச் சண்டை திரும்ப வரும் என்ற அச்சம் அவர்களுக்கு இருந்திருக்கும். மற்ற ஆயர்களும் அவரோடு ஒன்றாக நிற்கவில்லை. அவருடைய சொந்த மிஷனரிகளுக்குள்ளேயே பிளவு. கேட்டுக்கொண்டே இருப்பவர் ஒரு கட்டத்தில் தொந்தரவு செய்பவராகத் தெரியத் தொடங்குவார்.

பன்னிரண்டு ஆண்டு தமிழ் மண்ணில் இருந்துவிட்டு அவர் ரோமாபுரிக்குப் பயணமானார். நேரில் பேசினால் வழி பிறக்கும் என்ற நம்பிக்கை. பிறக்கவில்லை. விலகல் ஏற்கப்பட்டது.

இந்த முடிவை நான் தோல்வி என்று எழுதமாட்டேன். ஆனால் அவருடைய பார்வையில் ஒரு குறை இருந்தது, அதைச் சொல்லாமல் விடுவதும் நியாயமில்லை. அவர் கேள்வி முழுக்க மிஷனரியின் மனச்சாட்சியைப் பற்றியது. கோவிலில் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார வைக்கப்பட்ட தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவன் என்ன நினைத்தான் என்ற இடத்திலிருந்து அந்தக் கேள்வி கிளம்பவில்லை. பிறப்பால் பிரபு, குலவரிசை அவருக்கு அந்நியமான ஒன்றல்ல. தாலியும் சாதித் தடுப்பும் அவர் காலத்து விவாதத்தில் ஒரே மூட்டையில் கட்டப்பட்டிருந்தன. தாலியை விட்டுக்கொடுக்கலாம், தடுப்பை விட்டுக்கொடுக்க முடியாது என்று பிரித்துப் பார்க்க இன்னும் பல பத்தாண்டுகள் ஆயின. வடக்கன்குளத்துக் கோவிலில் சாதிகளைப் பிரித்த சுவர் இருபதாம் நூற்றாண்டில்தான் இடிபட்டது. அதற்கும் வழக்கும் கலவரமும் வேண்டியிருந்தன.

விலகியவர் ஓய்ந்துவிடவில்லை

வெர்சாய் நகரில் கப்புச்சின் துறவியரோடு சிலகாலம் தங்கினார். அங்கேயிருந்தே பேராயத்துக்கு எழுதினார்: ஆப்பிரிக்காவில் யாரும் போகாத இடத்துக்கு என்னை அனுப்புங்கள். அவர் மனத்தில் இருந்தது தகோமே அரசு, இன்றைய பெனின். தனியாளாகப் போக வேண்டாம், ஒரு சபையை ஏற்படுத்திக்கொண்டு போ என்று பதில் வந்தது. பிரான்ஸ் முழுதும் அலைந்து பிரசங்கம் செய்து, பணமும் ஆளும் சேர்த்தார். 1856 டிசம்பர் 8, அமல உற்பவத் திருநாளில், லியோன் நகரத்து ஃபுர்வியேர் மாதா கோவிலில் ஒரு சிறு கூட்டம் முழந்தாளிட்டது. ஆப்பிரிக்க வேதபோதக சபை அன்று பிறந்தது. கூட இருந்தவர்களில் ஒருவர் அகுஸ்தேன் பிளாங்.

தகோமே கிடைக்கவில்லை. 1858 ஏப்ரலில் சியரா லியோனைக் கொடுத்தார்கள். முதல் மூவர் 1859 ஜனவரியில் ஃப்ரீடவுன் சேர்ந்தார்கள். ஆயர் இன்னும் இருவரோடு மார்ச் 11ஆம் தேதி பிரெஸ்த் துறைமுகத்தில் புறப்பட்டு மே 14ஆம் தேதி போய்ச் சேர்ந்தார். ஊரில் மஞ்சள் காய்ச்சல் பரவியிருந்தது. இறங்க வேண்டாம் என்று கப்பல் தலைவர் தடுத்தார். தன் குருக்கள் கரையில் இருக்கும்போது கப்பலில் தங்க அவர் ஒப்பவில்லை.

ஜூன் 2ஆம் தேதி ரியோக்ரே சுவாமி இறந்தார். 5ஆம் தேதி ப்ரெசோன் சுவாமி. 13ஆம் தேதி கிரசியான் சகோதரர். 25ஆம் தேதி ஆயர். 28ஆம் தேதி, அவருடைய கடைசி நேரத்தில் பக்கத்தில் இருந்த ரேமோன் சுவாமி. ஆயருடைய கடைசிச் சொற்களைச் சபையார் இன்றும் சொல்வார்கள். "விசுவாசம், நம்பிக்கை..." என்று சொல்லி நிறுத்தினாராம். "சிநேகம்" என்று ரேமோன் எடுத்துக் கொடுத்தாராம். கரையிறங்கி சரியாக ஆறு வாரம். முதலில் போன மூவரில் ஒருவரான யூஜேன் சகோதரர் முன்பே நோயால் ஊர் திரும்பியதால் தப்பினார்.

லியோனில் செய்தி வந்தபோது சபையில் மிஞ்சியிருந்தவர்கள் சொற்பம். கலைத்துவிடுவதுதான் இயல்பு. பிளாங் கலைக்கவில்லை. 1907இல் சாகும்வரை அவரே தலைவராக இருந்து நடத்தினார். 1861 ஏப்ரல் 18ஆம் தேதி பொர்கேரோ சுவாமியும் ஃபெர்னாந்தெஸ் சுவாமியும் தகோமேயின் உய்தா துறையில் இறங்கினார்கள். பிரெசிலாக் முதலில் கேட்ட இடம் அது.

விட்டுப்போன வழக்கு

கோவையில் அவர் எழுப்பிய கேள்வியும் அவரோடு போய்விடவில்லை. 1858இல் ரோம் இந்திய வேதபோதகம் முழுவதையும் பார்வையிட ஒருவரை நியமித்தது. அவர் வேறு யாருமில்லை, பொன்னாண்ட் ஆண்டகை. பார்வைப் பயணத்தின் நடுவிலேயே 1861இல் காசியில் அவர் காலமானார். தமிழ் நாட்டில் சுதேச ஆயர் என்ற கனவுக்கு 1923 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு திபுர்சியுஸ் ரோச் தூத்துக்குடி ஆயரானார்.

பிரெசிலாக்கை 2020 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ், புனிதர் பட்டத்துக்கான வழியில் ஒரு படியாக, வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தார். எனக்கோ அதைவிட வேறோர் ஆண்டுதான் மனத்தில் நிற்கிறது. மலபார் சடங்குகளைப் பற்றிய சத்தியம் இனி வேண்டியதில்லை என்று விசுவாசப் பரப்புதல் பேராயம் 1940 ஏப்ரல் 9ஆம் தேதி அறிவித்தது. அவர் விலகி 85 ஆண்டு கழித்து. அதே 1940இல் கோயம்புத்தூர் ஆயர் இருக்கைக்கு முதன்முறையாக இந்நாட்டுக் குரு ஒருவர், உபகாரசாமி ஆண்டகை, நியமிக்கப்பட்டார்.